குழுவிலிருந்து விலகிய அம்மா எழுதுவது

அன்புள்ள கண்ணு,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அதில் அனுப்பினால் இரண்டு டிக்கும் நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், நீலமாகிவிட்டால் ஏன் இன்னும் பதில் வரவில்லை என்று அடுத்த கவலை வந்துவிடும். இதில் நீ படித்தது எனக்குத் தெரியாது. வேலையெல்லாம் முடித்து, பாப்பா தூங்கிய பிறகு நிதானமாகப் படி. பாதியில் வைத்துவிட்டு நாளைக்குத் தொடர்ந்தாலும் சரிதான்.

நான் குடும்பக் குழுவிலிருந்து விலகி 11 வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் நன்றாகத்தான் பேசினோம், உடம்பு எப்படி இருக்கிறது, ராத்திரி தூங்கினாயா, பாப்பா ஸ்கூலுக்குப் போனாளா என்று. ஆனால் அந்த விஷயத்தை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இப்படியே விட்டால் அது உள்ளேயே இறுகிப்போய்விடும் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் எனக்கு வந்த அந்த ஆடியோவில் பேசியவர் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டார். இந்த ரத்த அழுத்த மாத்திரையை வெளிநாடுகளில் தடை செய்துவிட்டார்கள், சாப்பிடுகிறவர்கள் இன்றைக்கே நிறுத்துங்கள் என்றார். பதற்றமே இல்லாத, பொறுமையான குரல். பெரிய அத்தை அந்த மாத்திரையைத்தான் சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியும், அதனால் கேட்டதும் நெஞ்சு படபடத்துவிட்டது. உடனே குடும்பக் குழுவில் போட்டேன், அப்புறம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்த்தவர்கள் குழுவில் போட்டேன், அப்புறம் இங்கே நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் குழுவில். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப முயன்றால் போகவில்லை, ஒரு தடவைக்கு ஒரு குழுவுக்குத்தான் என்றது. சரி என்று மூன்று தடவை தனித்தனியாக அனுப்பினேன். அதன் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தது, பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது என்று எழுதியும் இருந்தது. நான் அதைப் படித்தேன் கண்ணு. இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள் என்றால் முக்கியமானதாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒரு தடவைக்கு ஒரு குழு என்ற கட்டுப்பாடு ஏன் வந்தது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். 2018ல் இந்தியாவில் பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, வழிப்போக்கர்களையும் ஊருக்குப் புதியவர்களையும் கூட்டமாகச் சேர்ந்து அடித்தே கொன்றிருக்கிறார்கள். அந்த ஜூலையில் அங்கே ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ ஐந்து குழுவுக்கோ மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி மாற்றினார்கள். 2019 ஜனவரியில் அது உலகம் முழுக்க வந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா வதந்திகள் பெருகியபோது, ஏற்கெனவே பலர் கைமாறி வந்ததை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்பலாம் என்று குறைத்தார்கள். அப்படிக் குறைத்ததும் அந்த மாதிரிச் செய்திகள் பரவுவது 70 சதவீதம் குறைந்தது என்று அந்த நிறுவனமே சொன்னது. அதாவது, மனிதர்கள் செத்துப்போன பிறகு, இன்னொரு தடவை யோசி என்று சொல்வதற்காக வைத்த தடை அது. மூன்று தடவை அது என் கையைப் பிடித்தது, மூன்று தடவையும் நான் உதறிவிட்டேன்.

அத்தை நான்கு நாள் மாத்திரை போடவில்லை. ஐந்தாம் நாள் தலை சுற்றி, பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் சரியாகிவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறாள். அவளை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எனக்கு நல்லது நினைத்துத்தானே அனுப்பினாய் என்றாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி நீ குழுவில் எழுதினாய். "அம்மா, எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், வருவதையெல்லாம் அனுப்பாதே என்று. உன்னால் இன்றைக்கு ஒரு உயிர் போயிருக்கும்." கீழே, அந்தச் செய்தி பொய் என்று நிரூபிக்கிற ஒரு லிங்க். நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அந்தக் குழுவில் 43 பேர். ஒரு மணி நேரத்தில் 19 பேர் அதற்குக் கட்டைவிரல் போட்டிருந்தார்கள், ஒருவர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார். யார் யார் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளைகள் இருந்தார்கள், உன் சித்தப்பா இருந்தார். அந்தச் சிரிப்பு யாருடையது என்று உனக்குச் சொல்லமாட்டேன், அவனும் சின்னப் பையன், நினைத்துப் போட்டிருக்கமாட்டான். அன்றைக்கு ராத்திரியே விலகிவிட்டேன். இப்போதெல்லாம் விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் தெரிகிறதாம், அதனால் நிறையப் பேருக்கு நான் இல்லாதது ரொம்ப நாள் தெரியவே இல்லை.

இந்த 11 வாரமாக ஒரே கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டு வரியை நீ எனக்கு எழுதினாயா, அந்த 43 பேருக்கு எழுதினாயா? அம்மா என்று கூப்பிட்டு, உன்னால் என்று சொல்லித்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் எனக்கு மட்டும் சொல்வதாக இருந்தால் நீ போன் பண்ணியிருப்பாய். இதைவிடக் கடுமையாகக்கூடத் திட்டியிருப்பாய், நான் அழுதிருப்பேன், கடைசியில் சரி விடு, தூங்கு என்று நீயே சொல்லியிருப்பாய். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இதே கேள்வியை என்னைப் பார்த்தும் கேட்டுக்கொண்டேன். அந்த ஆடியோவை நான் அத்தைக்காக அனுப்பினேனா? அத்தைக்காக என்றால் அவளை மட்டும் கூப்பிட்டு, ஒரு வார்த்தை டாக்டரிடம் கேட்டுக்கொள் என்று சொல்லியிருக்கலாமே. எல்லோருக்கும் நான்தான் முதலில் சொன்னேன் என்று இருக்கட்டும், நான் எல்லோர் மேலும் அக்கறை உள்ளவள் என்று தெரியட்டும் என்ற ஆசை அதில் இருந்தது. ஆக, நம் இரண்டு பேர் கண்ணும் ஒருத்தர் மேல் ஒருத்தர் இல்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் இருந்தது.

நான் 12 வருடம், வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைக்கிற டிரங்க் போர்டில் உட்கார்ந்தவள், உனக்குத் தெரியும். போர்டில் விளக்கு எரியும், வயரை எடுத்துச் செருகி, எந்த ஊர், எந்த எண் என்று கேட்டு, இன்னொரு வயரை அந்தப் பக்கம் செருகி, இரண்டு பேரும் ஹலோ சொல்லிக்கொள்கிற வரை காதில் வைத்திருப்போம். பேச ஆரம்பித்ததும் கீயைத் தள்ளி நாங்கள் வெளியே வந்துவிட வேண்டும், அதுதான் விதி. ஆனால் நேரம் முடியப்போகிறது என்று சொல்வதற்காக நடுவில் உள்ளே போக வேண்டியிருக்கும். அப்படிப் போகும்போது ஒரு சின்ன டக் சத்தம் கேட்கும், அவ்வளவுதான், அதற்குள் அவர்கள் பேச்சே மாறிவிடும். அழுதுகொண்டிருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, அப்புறம் மழையெல்லாம் எப்படி என்பார். சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் மரியாதையாகப் பேசுவார்கள். சில பேர் தலைகீழ், யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் குரலை உயர்த்தி, நான் செய்தது நியாயமா இல்லையா என்று ஆரம்பித்துவிடுவார்கள், அந்தப் பக்கம் இருக்கிறவரை விட்டுவிட்டு எங்களிடம் தீர்ப்புக் கேட்பது மாதிரி. நான் ஒருத்தி, முகம் தெரியாதவள், மூன்று விநாடி லைனில் இருந்ததற்கே அவ்வளவு மாற்றம். இப்போது நாம் பேசுகிற லைனில் 43 பேர் எந்தச் சத்தமும் இல்லாமல் எப்போதும் இருக்கிறார்கள்.

நடுவில் இருக்கிற ஆளைப் பற்றி இன்னொரு கதை உண்டு, எங்களுக்குப் பயிற்சியில் சொன்னது. அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர், இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில் அவருக்கு. தன்னைக் கேட்டு வருகிற அழைப்புகளையெல்லாம் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற பெண் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். அந்தக் கோபத்தில்தான் ஆபரேட்டரே வேண்டாத தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தார் என்பார்கள். 1891ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார், அடுத்த வருடம் இண்டியானாவில் லா போர்ட் என்ற ஊரில் முதல் எக்ஸ்சேஞ்ச் வந்தது. அவர் வைத்த இயந்திரத்துக்குப் பாரபட்சம் தெரியாது. நீ எந்த எண்ணைச் சுழற்றினாயோ அதற்குத்தான் போகும்.

இப்போது நடுவில் இருக்கிற இயந்திரம் அப்படி இல்லையே. முதலில் ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டும் என்றால் அவர் பக்கத்துக்கு நாமே போய்ப் பார்க்க வேண்டும். 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் நியூஸ் ஃபீட் கொண்டுவந்தது, அதிலிருந்து எல்லாம் தானாக நம்மைத் தேடி வர ஆரம்பித்தது. எது வரும், எது வராது, எது மேலே, எது கீழே என்று முடிவு செய்வது நடுவில் இருப்பது. 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரின் ஃபீடில் சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளையும் சிலருக்கு வருத்தமான பதிவுகளையும் குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று சோதித்தார்கள். யாரையும் கேட்கவில்லை. 2014ல் ஆய்வுக் கட்டுரையாக வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. மாறியது என்னவோ ரொம்பக் கொஞ்சம்தான், அதை அவர்களே சொன்னார்கள். ஆனால் எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒரு ஆபரேட்டர், இன்றைக்கு நல்ல செய்தி வருகிற லைனை மட்டும் செருகாமல் விட்டுப் பார்ப்போம் என்று செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

கோபக் குறியைப் பற்றி நீதான் ஒருமுறை சொன்னாய். 2017லிருந்து ஃபேஸ்புக்கில் ஒரு லைக்குக்கு ஒரு மதிப்பு என்றால், கோபமுகத்தையும் சேர்த்து மற்ற முகங்களுக்கு ஐந்து மடங்கு மதிப்பு. அப்படியானால் ஒருவரைக் கோபப்படுத்துகிற பதிவு, லைக் மட்டும் வாங்குகிற பதிவைவிடச் சுலபமாக மேலே ஏறும். பிறகு படிப்படியாகக் குறைத்து, 2020ல் கோபமுகத்தின் மதிப்பைச் சுழியாக்கினார்கள். நடுவில் அந்த மூன்று வருடத்தில் எத்தனை குடும்பங்களில், எத்தனை ஊர்களில், யார் யாருக்கு இடையில் பேச்சு நின்றுபோயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உனக்கு இது தொழில். ஒரு பட்டன் எங்கே இருக்க வேண்டும், எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று தீர்மானிக்கிற மேசையில் நீயும் உட்கார்ந்திருக்கிறாய். அதனால்தான் இதை உன்னிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

ட்விட்டரில் முன்பெல்லாம் அடுத்தவர் எழுதியதைப் பகிர வேண்டும் என்றால் அதை நகலெடுத்து, அவர் பெயரைச் சேர்த்து, நாமே தட்டச்சு செய்ய வேண்டும். அரை நிமிடமாவது ஆகும், அந்த அரை நிமிடத்தில் இது வேண்டாம் என்று தோன்றவும் வாய்ப்பு உண்டு. 2009ல் ரீட்வீட் பட்டன் வந்தது, ஒரு தட்டில் முடிந்தது. அதைச் செய்த குழுவில் முக்கியமானவர் கிறிஸ் வெதரெல். பத்து வருடம் கழித்து அவரே ஒரு பேட்டியில், நான்கு வயதுக் குழந்தையின் கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டோமோ என்று தோன்றியதாகச் சொன்னார். அதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் மரியாதைதான் வந்தது. செய்ததைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. 2020ல் அதே இடத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள், திறந்துகூடப் பார்க்காத கட்டுரையைப் பகிரப் போனால், முதலில் படித்துவிட்டுப் பகிரலாமே என்று கேட்டது. அவ்வளவுதான் கேட்டது, தடுக்கவில்லை. அதற்கே 40 சதவீதம் அதிகமாகக் கட்டுரைகளைத் திறந்து பார்த்தார்களாம். மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை கண்ணு, அவசரப்படுத்தினால் அவசரப்படுகிறார்கள், நில் என்றால் கொஞ்சம் நிற்கிறார்கள். மூன்று தடவை நில் என்று சொல்லியும் நிற்காதவள் இதை எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் உறுதியாக எழுதுகிறேன்.

பொய்யைப் பரப்புவது ஏதோ கூலிக்கு வைத்த ஆட்களும் இயந்திரங்களும்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர் 2006லிருந்து 2017 வரை ட்விட்டரில் பரவிய 1,26,000 செய்திகளை எடுத்து ஆராய்ந்து 2018ல் சயின்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள். உண்மை 1,500 பேரைப் போய்ச் சேருவதற்குப் பொய்யைவிட ஆறு மடங்கு நேரம் ஆகிறதாம். பொய்ச் செய்தியை மறுபடி பகிர 70 சதவீதம் அதிக வாய்ப்பாம். இயந்திரக் கணக்குகளையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் அப்படியே இருந்ததாம். பொய் புதிதாக இருக்கிறது, ஆச்சரியப்பட வைக்கிறது, அதனால் நாம்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அந்த நாம் என்பதில் நான் இருக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இனி போனே வேண்டாம் என்று ஒரு வாரம் எடுத்து வைத்திருந்தேன். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்றால், அப்பாவின் கடைசி மூன்று வருடம் ஞாபகம் வந்துவிட்டது.

உனக்கு இதை நான் முழுதாகச் சொன்னதே இல்லை. டயாலிசிஸ் முடிந்து வந்த ராத்திரிகளில் அப்பாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், கல் மாதிரி இறுகிவிடும், அப்பா வலியில் கத்தமாட்டார், தலையணையைக் கடித்துக்கொள்வார். ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு, அவர் காலை என் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே, டயாலிசிஸ் நோயாளிகளின் குடும்பங்கள் இருக்கிற ஒரு குழுவில் ஒரு கையால் எழுதினேன், எழுத்துப் பிழையோடு. எட்டு நிமிடத்தில் பதில் வந்தது. வேறு ஏதோ நாட்டில் இருக்கிற ஒரு பெண், அங்கே பகல். காலை நீட்டி, பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கிப் பிடியுங்கள், இப்போதைக்குக் குறையும் என்றார். அப்புறம், நாளைக்கு நர்ஸிடம் டிரை வெயிட்டை, அதாவது அதிகப்படி நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடையை, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், உடம்பிலிருந்து நீரை அதிகமாக எடுத்தாலும் இப்படி இழுக்கும், என் கணவருக்கும் அப்படித்தான் இருந்தது என்றார். மறுநாள் கேட்டேன், பார்த்தார்கள், எடையை மாற்றினார்கள், அதற்குப் பிறகு அந்த இழுப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. அப்பா போன பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் அவரிடமிருந்து ஒரு வரி வருகிறது.

கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973லேயே எழுதியிருக்கிறார், நெருங்கியவர்களைவிடத் தூரத்துப் பழக்கம் உள்ளவர்களிடமிருந்துதான் நமக்குப் புதிய தகவல் வந்து சேர்கிறது என்று, ஏனென்றால் நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும். அவர் வேலை தேடுகிறவர்களை வைத்துச் சொன்னார். எனக்கு அது அந்த ராத்திரியில் புரிந்தது. நம் சொந்தத்தில் ஒருவருக்கும் டிரை வெயிட் என்ற வார்த்தை தெரியாது.

அந்தக் குழுவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அங்கேயும் தப்பான செய்திகள் வரும். இந்த மூலிகையைக் குடித்தால் சிறுநீரகம் திரும்ப வேலை செய்யும் என்று யாராவது போடுவார்கள், பயத்தில் இருக்கிறவர்கள்தானே. குழுவைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். அவர் அந்தப் பதிவை எடுத்துவிட்டு, குழுவில் பொதுவாக, மருந்து எதையும் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள் என்று ஒரு வரி போடுவார், போட்டவர் பெயரைச் சொல்லமாட்டார். அப்புறம் போட்டவருக்குத் தனியாக எழுதுவார். எனக்கும் ஒருமுறை எழுதினார். "அம்மா, நீங்கள் போட்டதில் பொட்டாசியம் அதிகமான பழம் இருக்கிறது, இவர்களுக்கு அது இதயத்தைப் பாதிக்கும், அதனால் எடுத்துவிட்டேன். நீங்கள் எவ்வளவு தேடிப் படித்து எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது, தொடர்ந்து எழுதுங்கள்." அவ்வளவுதான். நான் அந்தத் தப்பைத் திரும்பச் செய்யவில்லை. குழுவை விட்டும் போகவில்லை.

உன்னிடம் சொல்ல நினைத்தது இதுதான். தப்பைத் திருத்து, அவசியம் திருத்து, செய்தி பொய் என்று எல்லோருக்கும் சொல். ஆளிடம் சொல்ல வேண்டியதை ஆளிடம் மட்டும் சொல்.

இதை எல்லா இடத்துக்கும் சொல்லவில்லை. 2017 அக்டோபரில் பெண்கள் தங்களுக்கு நடந்த பாலியல் தொல்லையை மீ டூ, எனக்கும்தான், என்று வரிசையாக எழுதியபோது நான் ராத்திரி முழுக்கப் படித்தேன். தரானா பர்க் என்ற அமெரிக்கச் சமூகச் செயற்பாட்டாளர் அந்த வார்த்தையை 2006லேயே ஆரம்பித்திருந்தார், பதினோரு வருடம் கழித்துத்தான் உலகத்துக்குக் கேட்டது. எங்கள் காலத்தில் வேலை செய்கிற இடத்தில் யாரிடம் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பெண்கள் நாங்கள் கைகழுவுகிற இடத்தில் தணிந்த குரலில் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்வோம், அதற்கு மேல் அது எங்கேயும் போகாது. தனியாகச் சொன்னால் அமுக்கிவிடுவார்கள் என்றால் ஊர் கேட்கத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் செய்தது சரி. நம்மை ஆளுகிற கைக்கு முன்னால் பத்துப் பேராக நிற்கலாம், லட்சம் பேராகவும் நிற்கலாம். ஆனால் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் நடுவில் எதற்குக் கூட்டம்?

எழுத்தில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. நான் விலகிய மறுநாள் உனக்குப் பெரிதாக ஒரு செய்தி எழுதினேன், நினைவிருக்கிறதா, நீ "சரி" என்று பதில் போட்டாய், கடைசியில் ஒரு புள்ளி வைத்து. அந்தப் புள்ளியை எத்தனை தடவை பார்த்திருப்பேன். போனில் நீ சரி என்று சொன்னால் அதில் நூறு விதம் உண்டு, சரிம்மா என்பாய், சரி சரி என்பாய், பெருமூச்சோடு ஒன்று, சிரித்துக்கொண்டே ஒன்று, அதில் எது கோபம், எது சமாதானம் என்று எனக்குத் தெரியும். திரையில் எல்லாம் ஒரே சரிதான். 1982லேயே இந்தக் கஷ்டம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில், லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டது என்று கணினியில் ஒருவர் வேடிக்கைக்கு எழுதியதைச் சிலர் நிஜம் என்று நம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர், வேடிக்கையாக எழுதுவதற்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி போட்டு ஒரு சிரிக்கிற முகம் வையுங்கள் என்றார். இன்றைக்கு இருக்கிற எல்லா முகங்களுக்கும் அது பாட்டி. ஆனால் அத்தனை முகங்களையும் சேர்த்தாலும் உன் ஒரு "சரிம்மா" வராது.

நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். நாளைக்குச் சித்தப்பாவிடம் சொல்லி மறுபடி குழுவில் சேர்கிறேன். என் குரலிலேயே ஒரு ஆடியோ போடுகிறேன், அன்றைக்கு நான் அனுப்பியது பொய், அதனால் பெரிய அத்தைக்கு இப்படி ஆனது, மாத்திரையை யாரும் தானாக நிறுத்தாதீர்கள் என்று. மற்ற இரண்டு குழுவிலும் போடுவேன். மூன்று இடத்தில் தப்பைச் சொன்னவள் மூன்று இடத்திலும் திருத்த வேண்டும். நீ அதற்குக் கட்டைவிரல் போட வேண்டாம், இதயமும் வேண்டாம். அங்கே ஒன்றும் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடு. நீ வழக்கமாகச் செய்வது மாதிரி போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்காதே. பாப்பாவிடம் அப்புறம் பேசிக்கொள்கிறேன், மாப்பிள்ளையிடமும் அப்புறம் பேசிக்கொள்கிறேன். முதல் பத்து நிமிடம் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசு.

அன்புடன்,
அம்மா